விழித்திரையில் தெரியும் ரத்த ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி மாற்றப் போனவரிடம் "உங்களுக்கு பிரஷர் இருக்கிறதா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கண் மருத்துவர் கேட்கிறார். வந்தவருக்கு ஒன்றும் புரிவதில்லை. இன்னொரு பக்கம், கண்ணை ஒரு படம் எடுத்தால் மாரடைப்பு வருமா வராதா என்று கணினியே சொல்லிவிடும் என்ற செய்திகள் பரவுகின்றன. குழம்பியவர்களும் அளவுக்கு மீறி நம்பியவர்களும் கேட்கும் கேள்விகளுக்குச் சேர்த்தே இங்கே பதில்கள்.

கண்ணைப் பார்த்து இதயத்தின் நிலையைச் சொல்ல முடியுமா?

இதயத்தின் நிலையை அல்ல, ரத்தக் குழாய்களின் நிலையைச் சொல்லலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வு ஒழுங்காக மூடுகிறதா, இதயத் தமனியில் எத்தனை சதவீதம் அடைப்பு இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் தெரியாது. ஆனால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் போன்றவை உடலின் சிறு குழாய்களைப் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. அந்தச் சேதத்தை விழித்திரையில் நேரடியாகப் பார்க்கலாம்.

உடல் முழுவதும் ரத்தக் குழாய்கள் இருக்கும்போது கண்ணை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

மற்ற இடங்களில் தோலும் தசையும் எலும்பும் மறைக்கின்றன. கண்ணில் கருவிழி, விழிலென்ஸ், அதன் பின்னுள்ள பாய்மம் எல்லாமே ஒளி ஊடுருவக்கூடியவை. அவற்றின் வழியே வெளிச்சம் செலுத்தினால், பின்சுவரில் உள்ள விழித்திரையில் தமனிகளும் சிரைகளும் கிளை கிளையாகப் பிரிவதை வெட்டாமல், குத்தாமல், சாயம் ஏற்றாமல் பார்க்க முடிகிறது. உயிரோடிருக்கும் மனிதரின் சிறு ரத்தக் குழாய்களை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் உடலில் வேறு இல்லை.

இந்தக் குழாய்களுக்கு ரத்தம் வரும் வழியும் முக்கியமானது. கழுத்தில் ஏறும் பெரிய தமனியின் உட்கிளை மூளைக்குப் போகிறது. கண்ணுக்கான தமனி அதிலிருந்தே பிரிகிறது. அதன் சிறு கிளைதான் விழித்திரையின் மையத் தமனி. ஆகவே மூளைக்கும் விழித்திரைக்கும் ஒரே வாய்க்காலிலிருந்துதான் நீர் பாய்கிறது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து கிளம்பினால், அது மூளைக்கும் போகலாம், கண்ணுக்கும் வரலாம்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழித்திரையைப் பார்க்கும் கருவியை 1851இல் வெளியிட்டார். அதுவரை உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் தெளிவாகப் பார்க்க வழியே இருக்கவில்லை. 1890களில் லண்டன் கண் மருத்துவர் மார்கஸ் கன், சிறுநீரகக் கோளாறும் பக்கவாதமும் வந்த நோயாளிகளின் விழித்திரையில், தமனி குறுக்கே செல்லும் இடங்களில் சிரை நசுங்கியிருப்பதைக் கவனித்து எழுதினார். கையில் கட்டி ரத்த அழுத்தத்தை அளக்கும் பட்டை மருத்துவமனைகளில் பரவுவதற்கு முன்பே அவர் அதன் விளைவைக் கண்ணால் பார்த்துவிட்டார் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வாகனர், பார்க்கர் ஆகியோர் இந்த மாற்றங்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். பார்வை நரம்பின் தலைப்பகுதியே வீங்கிவிட்ட நான்காம் நிலையில் அப்படிப் பிழைத்தவர்கள் 6 சதவீதம்தான். ரத்த அழுத்தத்தைக் குறைக்க நல்ல மருந்துகள் இல்லாத காலம் அது. இன்று அதே நான்காம் நிலையில் வருபவரை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தால் காப்பாற்ற முடிகிறது. அந்தப் பழைய எண்களை இன்று யாரும் தனக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை.

ரத்தக் கொதிப்பு விழித்திரையில் என்னென்ன தடயங்களை விடுகிறது?

முதலில் நுண்தமனிகள் குறுகுகின்றன. ஆரோக்கியமான விழித்திரையில் தமனிக்கும் அதன் பக்கத்துச் சிரைக்கும் உள்ள அகல விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு மூன்று. அழுத்தம் கூடும்போது, அது நுண்ணிய தந்துகிகள் வரை போய்ச் சேராமல் தடுக்கத் தமனி தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. இது முதலில் ஒரு தற்காப்பு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சுவர் தடித்து, சுருங்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது.

சுவர் தடிக்கத் தடிக்க, மருத்துவரின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும் விதமும் மாறுகிறது. முதலில் செம்புக் கம்பியின் நிறம், பிறகு வெள்ளிக் கம்பியின் நிறம். மருத்துவர்கள் இந்தப் பெயர்களையே இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது கன் கவனித்த நசுக்கம். விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிட்டுச் செல்லும் இடத்தில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றுதான். தமனி தடித்து இறுகும்போது, விலகிப் போக இடமில்லாத சிரை அழுந்துகிறது. விழித்திரைச் சிரைக் கிளை அடைப்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்திப்புகளில்தான் ஏற்படுகிறது.

இதுவரை சொன்னவை மெதுவாக நடப்பவை. அழுத்தம் வேகமாக எகிறும்போது படம் வேறு மாதிரி ஆகிறது. தீச்சுடர் வடிவத்தில் ரத்தக் கசிவுகள் தோன்றும். ரத்தம் கிடைக்காத இடங்களில் பஞ்சுத் துணுக்குகள் போன்ற வெண்புள்ளிகள் வரும். கசிந்த கொழுப்பு விழித்திரையின் மையத்தைச் சுற்றி நட்சத்திர வடிவில் படியும். கடைசியாகப் பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கும். ரத்த அழுத்தம் 180/120க்கு மேல் இருந்து இத்தகைய கசிவோ வீக்கமோ தெரிந்தால் அது அவசர நிலை. "நாளை மறுநாள் பொது மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பக் கூடாது. அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

என் அறிக்கையில் 'முதல் நிலை' என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். தமனி சற்றே குறுகியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் பிரிப்பதில் அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்களே ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. இதனால்தான் 2004இல் டியென் யின் வாங், பால் மிட்செல் இருவரும் லேசானது, மிதமானது, கடுமையானது என்ற எளிய மூன்று பிரிவு முறையை முன்வைத்தார்கள். லேசானது என்றால் ரத்த அழுத்தத்தை ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்க வேண்டும். மிதமானது என்றால், அதாவது கசிவோ பஞ்சுப் புள்ளியோ இருந்தால், பக்கவாத ஆபத்து கணிசமாகக் கூடியிருக்கிறது என்று பொருள். கடுமையானது என்றால் மேலே சொன்ன அவசர நிலை.

குழாயின் அகலத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறார்களா, அளக்கிறார்களா?

வழக்கமான பரிசோதனையில் மதிப்பீடுதான். ஆராய்ச்சிகளில் அளக்கிறார்கள். விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமரா எடுத்த படத்தில், பார்வை நரம்பின் விளிம்பிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் ஒரு வளையப் பகுதியை ஒதுக்கி, அதைக் கடக்கும் பெரிய தமனிகள் ஆறு, சிரைகள் ஆறு ஆகியவற்றின் அகலத்தைக் கணினி அளக்கிறது. அந்த எண்களை ஒரு சூத்திரத்தில் சேர்த்து, மையத் தமனிக்கு ஒன்று, மையச் சிரைக்கு ஒன்று என இரண்டு எண்களாகச் சுருக்குகிறார்கள். அளவுகள் மைக்ரான் கணக்கில் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இதயம் துடிக்கும்போது இந்தக் குழாய்களும் சற்றே விரிந்து சுருங்குகின்றன. துடிப்பின் எந்தக் கணத்தில் படம் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அகலம் சில சதவீதம் மாறலாம். கேமரா மாறினாலும் கண்ணின் பவர் மாறினாலும் எண் மாறும். எனவே ஒரே ஒரு படத்தின் ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு தனிமனிதருக்குத் தீர்ப்பு சொல்வது சரியல்ல.

அகலத்தோடு நிற்காமல், குழாய்கள் எவ்வளவு வளைந்து நெளிந்து போகின்றன, கிளை எந்தக் கோணத்தில் பிரிகிறது, கிளைப்பின்னல் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பவற்றையும் இப்போதைய மென்பொருள்கள் அளக்கின்றன.

அந்த அளவுகள் மாரடைப்பை முன்கூட்டியே சொல்லுமா?

கூட்டமாகப் பார்த்தால் சொல்கின்றன. அமெரிக்காவில் நான்கு ஊர்களின் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ஏரிக்' ஆய்வு இதற்கு முக்கியமான சான்று. 10,470 பேரின் விழித்திரைப் படங்களையும், அதற்குப் பின் சராசரியாக 16 ஆண்டுகளில் அவர்களுக்கு நேர்ந்தவற்றையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார்கள். தமனி குறுகியும் சிரை அகன்றும் இருந்தவர்களுக்கு மரணமும் அடைப்பினால் வரும் பக்கவாதமும் கூடுதலாக நேர்ந்தன. இதயத் தமனி நோயைப் பொறுத்தவரை அந்தத் தொடர்பு பெண்களிடம் தெளிவாக இருந்தது, ஆண்களிடம் இல்லை. முந்தைய ஆய்வுகளிலும் இதே போக்குதான் தெரிந்தது.

பெண்களைப் பற்றிய இந்த முடிவைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மாரடைப்பு என்றால் ஆண்களின் நோய் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் ஆழமாக இருக்கிறது. பெண்களுக்கு இதயத்தின் பெரிய தமனிகளில் அடைப்பு தெரியாமலே, நுண்குழாய்களின் கோளாறால் நெஞ்சுவலி வருவது ஆண்களைவிட அதிகம். ஆஞ்சியோகிராமில் ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு நுண்குழாய்களின் நிலை உண்மையிலேயே ஒரு செய்தி. விழித்திரை ஆய்வு இந்தத் திசையில் இன்னும் வேகமாக வளர வேண்டும் என்பது என் விருப்பம்.

கணினி ஒரே படத்தில் வயது, பாலினம், புகைப்பழக்கம் எல்லாம் சொல்லிவிடுகிறதாமே?

2018இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்து கிளம்பிய செய்தி அது. 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களை வைத்துக் கணினியைப் பயிற்றுவித்தார்கள். பிறகு அது பார்த்திராத படங்களைக் கொடுத்தபோது, வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டு வித்தியாசத்துக்குள் சொன்னது. ஆணா பெண்ணா என்பதை மிகத் துல்லியமாகச் சொன்னது. எந்த மருத்துவரும் விழித்திரையைப் பார்த்து ஆண், பெண் என்று பிரித்ததில்லை என்பதால் அது பெரிய ஆச்சரியமாகப் பேசப்பட்டது.

நமக்குத் தேவையான கேள்வி வேறு. ஐந்து ஆண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்த ஒருவரின் படத்தையும், வராத ஒருவரின் படத்தையும் அருகருகே வைத்தால், யாருக்கு வந்தது என்று கணினி சரியாகச் சொல்லுமா? நூற்றுக்கு 70 முறை சொன்னது. வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் கணக்கிடும் ஐரோப்பிய முறை 72 முறை சொன்னது. அதாவது ஒரு படம் மட்டும் வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனையோடு கூடிய பழைய முறைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்திருக்கிறது. சாதனைதான். ஆனால் கணினியின் அந்தத் திறனில் பெரும் பகுதி, அது வயதைச் சரியாக ஊகித்ததிலிருந்து வருகிறது. வயதை அறியக் கேமரா தேவையில்லை. சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை, அதாவது மேல் எண்ணை, அது சராசரியாக 11 அலகு பிழையோடு சொன்னது. கையில் கட்டும் சாதாரணக் கருவி அதைவிட எவ்வளவோ நன்றாகச் சொல்லும்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் எனக்கு நம்பிக்கை தருவது, தென்கொரியாவிலிருந்து புறப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு. இதயத் தமனியில் படிந்த கால்சியத்தின் அளவை சிடி ஸ்கேனில் பார்ப்பது வழக்கம். கதிர்வீச்சும் செலவும் உள்ள சோதனை அது. விழித்திரைப் படத்திலிருந்து அந்தக் கால்சியத்தின் சாத்தியத்தை ஊகிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தென்கொரியா, சிங்கப்பூர், பிரிட்டன் மக்களின் படங்களில் சோதித்தார்கள். சிடி ஸ்கேனோடு ஒப்பிட்ட தென்கொரியக் குழுவில், இதய நோய் யாருக்கு வரும் என்று ஊகிப்பதில் அது ஸ்கேனுக்கு இணையாக வந்தது.

அந்தக் கணினி நிரல்கள் நம் மக்களுக்குப் பொருந்துமா?

கேட்க வேண்டிய கேள்வி இது. கூகுள் ஆய்வின் படங்கள், ஏராளமான மக்களின் உடல்நலத் தகவல்களை ஆய்வுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பிரிட்டனின் உயிர்வங்கியிலிருந்தும் அமெரிக்காவின் சர்க்கரை நோய்த் திட்டம் ஒன்றிலிருந்தும் வந்தவை. பிரிட்டன் உயிர்வங்கியில் பெரும்பான்மை வெள்ளையர்கள். தெற்காசியர்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது. விழித்திரையின் நிறமியும் வேறுபடுகிறது. வேற்று மக்களின் படங்களில் பழகிய நிரல் இங்கே அதே துல்லியத்தோடு வேலை செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

சிங்கப்பூர் ஆய்வுகளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. அங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று இனத்தாரையும் தனித்தனியே சேர்த்துக் கண் ஆய்வு நடத்தினார்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தப் படங்கள் மேற்சொன்ன 2021 ஆய்விலும் பயன்பட்டன.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் இன்னொரு பங்கும் உண்டு, ஆனால் அது இதயத்துக்கானது அல்ல. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கணினி கண்டறியும் என்று 2016இல் நிறுவிய கூகுள் ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கேற்றன. பிறகு அதே நிரலை இந்த இரு மருத்துவமனைகளின் நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு நிரலை ஏற்பதற்கு முன் அப்படித்தான் இங்குள்ளவர்களிடம் சோதிக்க வேண்டும். இதய நோய்க்கான நிரல்களுக்கும் அதே கடுமையை நாம் கேட்க வேண்டும்.

அப்படியானால் இனி இசிஜி, எக்கோ, கொழுப்புப் பரிசோதனை தேவையில்லையா?

தேவை. எதையும் விட்டுவிட வேண்டாம். நெஞ்சுவலியோடு இருப்பவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போகவே கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதய நோயே நேரடியாகக் கண்ணில் தெரிவதில்லையா?

சில நோய்களில் தெரிகிறது. இதயத்தின் உட்சுவரிலும் வால்விலும் கிருமித் தொற்று ஏற்பட்டால், விழித்திரையில் நடுவே வெள்ளையாக இருக்கும் ரத்தப் புள்ளிகள் தோன்றலாம். 1872இல் மோரிட்ஸ் ராத் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. ரத்தப் புற்றுநோயிலும் கடும் ரத்தசோகையிலும் இவை வருவதால், பார்த்தவுடன் இதயத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் பல நாள் காய்ச்சலோடு இருப்பவரிடம் இவற்றைக் கண்டால் மருத்துவர் உடனே இதயத்தைச் சந்தேகிப்பார்.

1961இல் மேயோ கிளினிக்கின் ராபர்ட் ஹாலன்ஹர்ஸ்ட் விவரித்த மஞ்சள் துகள்கள் இன்னொன்று. விழித்திரைத் தமனி இரண்டாகப் பிரியும் இடங்களில் பளபளவென்று தெரியும் கொழுப்புத் துணுக்குகள் இவை. கழுத்துத் தமனியிலோ, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலோ படிந்த கொழுப்பிலிருந்து உடைந்து வந்தவை. பார்வை நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கண்ட நாளிலேயே கழுத்துத் தமனியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் பற்றியும் இதயப் பரிசோதனையைப் பற்றியும் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

பெருந்தமனி பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருப்பவர்களுக்கு விழித்திரைத் தமனிகள் திருகுச்சுருளாக நெளிந்திருக்கக்கூடும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டால், விழித்திரைக் குழாய்கள் சிவப்பு மாறிப் பால்நிறமாகவே தெரியும். அரிது; ஒருமுறை பார்த்த மருத்துவர் மறக்க மாட்டார்.

என் அப்பாவுக்கு ஒரு கண் சில நிமிடங்கள் இருண்டு, பிறகு தானாகச் சரியாகிவிட்டது. கண்ணாடி மாற்ற வேண்டுமா?

கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலியில்லாமல், மேலிருந்து திரை இறங்கியதைப் போல ஒரு கண்ணின் பார்வை மறைந்து திரும்பி வருவது, மூளைக்கு வரவிருக்கும் பக்கவாதத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். ஒரு துணுக்கு கண் தமனியில் சற்று நேரம் சிக்கி, கரைந்து போயிருக்கிறது. அடுத்த துணுக்கு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பார்வை திரும்பவே இல்லையென்றால் அது விழித்திரை மையத் தமனி அடைப்பாக இருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் இதைப் பக்கவாதத்தின் ஒரு வடிவமாகவே கருத வேண்டும் என்று அறிவித்தது. ரத்தம் முற்றிலும் நின்ற விழித்திரை நான்கு மணி நேரத்துக்குள் மீளமுடியாத சேதத்தை அடைந்துவிடுகிறது. பக்கவாதத்துக்கு மருத்துவம் செய்யும், நரம்பியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு 108ஐ அழைத்து உடனே போவதே சரி. வலி இல்லை என்பதாலேயே "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கப்போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அங்கே கழுத்துத் தமனி, இதயத் துடிப்பின் ஒழுங்கு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் வலியும் மெல்லும்போது தாடை வலியும் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தமனி அழற்சி என்ற வேறொரு நோய் அதே அடைப்பை உண்டாக்கும், அதற்குச் சிகிச்சை வேறு.

படம் எடுப்பது வலிக்குமா? எவ்வளவு நேரம் ஆகும்?

வலிக்காது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வெளிச்சம் பளிச்சிடும். சில நொடிகள் கண் கூசும், அவ்வளவுதான். புதிய கேமராக்கள் பலவற்றில் கண்மணியை விரிக்காமலே படம் எடுக்கலாம். ஆனால் வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கண்மணி சிறுத்திருப்பதால் சொட்டு மருந்து தேவைப்படும். சொட்டு விட்டால் பார்வை சில மணி நேரம் மங்கும், வெயில் கூசும். அன்று வண்டி ஓட்டாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கண்புரை முற்றியிருந்தால் படம் தெளிவாக வராது.

எனக்கு இதய நோய் இருக்கிறது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து பாதுகாப்பானதா?

பெரும்பாலும் பாதுகாப்பானதுதான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் சொட்டில் டிராபிகமைடு, ஃபீனைல்எஃப்ரின் என்ற இரண்டு மருந்துகள் கலந்திருக்கின்றன. இரண்டாவது மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியது. அதன் 10 சதவீதச் செறிவுள்ள சொட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றியதாகப் பதிவுகள் உண்டு. கட்டுக்கடங்காத அழுத்தம் உள்ளவர்களுக்கும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் டிராபிகமைடு மட்டும் உள்ள சொட்டு போதும். சொட்டு விட்ட பின் கண்ணின் மூக்கோர மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டால் மருந்து மூக்கின் வழியே உடலுக்குள் போவது குறையும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை இந்தப் பரிசோதனைக்காக நிறுத்த வேண்டியதில்லை.

ரத்த ஓட்டத்தையே அளக்கும் கருவிகள் உண்டா?

உண்டு, பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும்.

ஓசிடி ஆஞ்சியோகிராஃபி என்ற முறை ஒரே இடத்தை அடுத்தடுத்து ஸ்கேன் செய்து, இரண்டுக்கும் இடையே மாறியது எது என்று பார்க்கிறது. அசையாத திசு மாறாது. ஓடும் ரத்த அணுக்கள் மாறும். அந்த மாற்றத்திலிருந்தே தந்துகிகளின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. முன்பு இதே வரைபடத்துக்குக் கை நரம்பில் சாயம் ஏற்ற வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மினுக்கொளிச் சோதனை. விழித்திரைக்கு வேகமாக மினுங்கும் ஒளியைக் காட்டினால் அதன் நரம்பணுக்கள் கூடுதலாக வேலை செய்து, கூடுதல் ரத்தம் கேட்கும்; குழாய்கள் சில சதவீதம் விரிந்து கொடுக்கும். குழாயின் உட்படலம் நலமாக இருந்தால்தான் இந்த விரிவு முழுமையாக நடக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் அது குறைகிறது. மற்ற முறைகள் குழாயின் தோற்றத்தைப் பார்க்கின்றன. இது குழாயை வேலை வாங்கிப் பார்க்கிறது. வானியல் தொலைநோக்கிகளுக்காக உருவான ஒளித் திருத்த நுட்பத்தைக் கொண்டு குழாய்ச் சுவரின் தடிமனையே அளக்கும் கேமராக்களும் இருக்கின்றன.

கண்ணிமையில் மஞ்சள் படிவு, கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம். இவையும் இதய நோயின் அறிகுறியா?

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகர மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இமையில் மஞ்சள் படிவு இருந்தவர்களுக்கு, ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், மாரடைப்பு ஆபத்து கூடுதலாக இருந்தது. கருவிழி வளையத்துக்கு அப்படித் தனித் தொடர்பு இல்லை. வயதானவர்களிடம் அது சாதாரணம். ஆனால் 45 வயதுக்குள் அந்த வளையம் தெரிந்தால், பரம்பரைக் கொழுப்புக் கோளாறு இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. மஞ்சள் படிவை அழகுக்காக அகற்றிவிட்டுக் கொழுப்பைப் பார்க்காமல் விடுவது வீண்.

கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலத்தின் கோடுகளைப் பார்த்து எல்லா உறுப்புகளின் நோயையும் சொல்கிறோம் என்கிறார்களே?

இரிடாலஜி என்ற பெயரில் நடப்பது அது. அறிவியல் ஆதாரம் இல்லை. 1979இல் அமெரிக்காவில், சிறுநீரக நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என 143 பேரின் கண் படங்களை அந்த முறையில் தேர்ந்தவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. விழித்திரைப் பரிசோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பணம் கொடுக்கவும் வேண்டாம்.

செல்போனிலேயே விழித்திரைப் படம் எடுக்கலாமா?

செல்போனைத் தனி லென்ஸ் கருவியோடு பொருத்தி, பயிற்சி பெற்றவர்கள் எடுக்கும் படம் நன்றாகவே வருகிறது. பெங்களூருவில் உருவான இத்தகைய ஒரு கருவியோடு கணினி நிரலையும் சேர்த்துச் சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்வையைப் பறிக்கும் நிலைகளைக் கண்டறிவதில் அது சிறப்பாகச் செயல்பட்டது. கிராமங்களுக்கு இதுவே வழி. ஆனால் லென்ஸ் எதுவும் இல்லாமல் வீட்டுச் செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் இதய ஆபத்தைச் சொல்லும் என்கிற செயலிகளை நம்பாதீர்கள்.

யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும்?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு பொதுவாக ஆண்டுதோறும். முதல் வகைக்கு, நோய் தொடங்கி ஐந்து ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெண் கருவுற்றால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, பார்வை மங்கினாலோ மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ அது அவசரம்.

உயர் ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களுக்கு இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற ஒரே கணக்கு இல்லை. அழுத்தம் நீண்ட நாளாகவோ கட்டுக்கடங்காமலோ இருந்தால் பார்த்துவிடுவது நல்லது.

கண் மருத்துவர் சொன்னதை யாரிடம் காட்டுவது?

எனக்கு இருக்கும் மிகப் பெரிய ஆதங்கம் இங்கேதான். கண் மருத்துவர் "தமனி குறுகியிருக்கிறது" என்று சீட்டில் எழுதுகிறார். அந்தச் சீட்டு கண்ணாடிக் கூட்டில் மடித்து வைக்கப்படுகிறது. பிரஷருக்கு மாத்திரை தரும் மருத்துவர் அதைப் பார்ப்பதே இல்லை. உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் 44 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பலர் கண்ணாடிக்காகவோ கண்புரைக்காகவோ கண் மருத்துவமனைக்கு வந்து போகிறார்கள். விழித்திரை சொன்னது அடுத்த மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேராவிட்டால், எவ்வளவு நுட்பமான கேமரா வந்தும் பயனில்லை.

ஆகவே படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் சேமித்துக்கொள்ளுங்கள். எந்தக் கண், எந்தத் தேதி என்று அதில் இருக்கட்டும். அடுத்த முறை பொது மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். ஒரே கண்ணின் இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிடுவது ஒரு படத்தைவிட எவ்வளவோ கூடுதலாகச் சொல்லும்.

மருந்து சாப்பிட்டால் விழித்திரையில் வந்த மாற்றங்கள் மறையுமா?

கசிவுகளும் பஞ்சுப் புள்ளிகளும் பார்வை நரம்பு வீக்கமும் அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் வாரங்களிலோ மாதங்களிலோ வற்றிவிடும். சுருங்கிய தமனி ஓரளவு விரிவதும் உண்டு. சுவர் தடித்துவிட்டதும் சிரை நசுங்கியதும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மிக அதிகமான அழுத்தத்தை ஒரே நாளில் திடீரென்று இறக்கினால் பார்வை நரம்புக்கும் மூளைக்கும் ரத்தம் குறைந்து பாதிப்பு வரக்கூடும். அதனால் மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். மாத்திரையை நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள்.

அப்பாவுக்கு விழித்திரையில் மாற்றம் இருக்கிறது. எனக்கு 32 வயது. நானும் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பார்வையில் குறை எதுவும் இல்லையென்றால் படத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்து, காலை ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றில் ஏதாவது கூடுதலாக இருந்தால் அப்போது விழித்திரையையும் பார்த்துக்கொள்ளலாம்.